அப்பாவின் பங்கு

டென்மார்க்கின் டோஸ்ட்ருப் நகரில், தங்கள் வீட்டுச் சமையலறையில், தண்ணீர்க் குழாயை மறித்துக்கொண்டு நின்றாள் ஒன்பது வயது மிதுனா.

“ஒரு கிளாஸ் தண்ணி தாங்கோ, டீச்சர்,” என்று கெஞ்சினார் அப்பா கஜதீபன்.

“நை!” என்று டேனிஷில் மறுத்தாள் மகள். “பூமியில தண்ணி கனக்க இருக்குத்தான். ஆனா முக்கால்வாசிக்கும் மேல கடல் உப்புத்தண்ணி. மிச்சத்திலயும் கனக்க ஐஸாக் கிடக்கு. குடிக்கிற தண்ணி கொஞ்சம்தான். அதை எல்லாரும் பிரிக்கவேணும்.”

“அப்ப என்ர பங்கு?”

முட்டை வைக்கும் சின்னக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி நீட்டினாள்.

“இவ்வளவுதானோ? கிரீன்லாந்து ஐஸில ஒரு துண்டாவது தாங்கோவன்.”

“சரி, ஒண்டே ஒண்டு.” குளிர்பெட்டியைத் திறந்து ஓர் ஐஸ்கட்டியை அவர் வாயில் வைத்தாள்.

வாசலில் டாக்சி வந்து நின்றது. அப்பா சிரித்துக்கொண்டே ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அம்மா குழாயைத் திறந்து, கிளாஸ் நிறையத் தண்ணீர் பிடித்துக் குடித்தார்.

“என்னை மறிக்கேல்லையோ? பள்ளிக்கூடத்தில தண்ணிப் பாடம் முடிஞ்சுதோ?”

“அது போன மாதமே முடிஞ்சுது.”

“அப்ப அப்பாவை மட்டும் ஏன் இன்னும் மறிக்கிறாய்?”

மிதுனா குரலைத் தாழ்த்தினாள்.

“இப்ப அப்பா போற மாதிரி டயாலிசிஸுக்குப் போற ஆக்கள் அளந்துதான் குடிக்கவேணும் எண்டு ஆஸ்பத்திரியில சொன்னவை எல்லோ, அம்மா? கிட்னியைச் சொல்லி மறிச்சா அப்பா முகத்தைத் தொங்கப் போட்டிடுவார். பூமியைச் சொல்லி மறிச்சாத்தான் சிரிக்கிறார்.”