வரிசையில் முதல் கேன்

ஊருக்கே அடிபம்பு ஒன்றுதான். பெண்கள் முந்தின நாளே மஞ்சள் கேன்களை வரிசையில் வைத்துவிடுவார்கள். கேன் நின்றால் ஆள் நின்ற மாதிரி.

முதலில் நிற்பது எப்போதும் சிவப்புத் துணி கட்டிய கேன். போன வருடம்வரை இங்கே தொண்டு செய்த வெள்ளைக்காரியுடையது. ஊர் அவளுக்கு அட்யேரி என்று செல்லப்பெயர் வைத்திருந்தது. தன் நாட்டில் அவள் இறந்துவிட்டதாகக் கடிதம் வந்து ஆறு மாதமாகிறது. கேனைத் தினமும் யார் வைக்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

அவளுக்குப் பதிலாக வந்த மாரிட்டுக்கு இன்னும் செல்லப்பெயர் கிடைக்கவில்லை. தடுப்பூசிக்குப் பிள்ளைகளைக் கூப்பிட வீடுவீடாய் அலைந்தாள். "அட்யேரி கூப்பிட்டா புள்ளைங்க தானா ஓடியாரும்" என்றாள் பக்கத்து வீட்டுத் துசீமே. செத்தவள்மேல் மாரிட்டுக்கு வயிறு எரிந்தது.

ஒரு விடியலில் அந்தத் துணியை அவிழ்த்துத் தன் கேனில் கட்டி முதலில் வைத்தாள். பழைய கேனை வரிசையின் கடைசிக்குத் தள்ளினாள்.

துசீமே வந்ததும் மாரிட்டைக் கட்டிக்கொண்டாள். "வாடி அட்யேரி. சாப்பிட்டியா?"

மாரிட்டுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

யாரோ கடைசிக் கேனை ஓரமாக நகர்த்தப் போனார்கள்.

"இருக்கட்டும்" என்றாள் துசீமே. "புதுசா வந்திருந்தாளே, மாரிட்டு, அவளோடது. பாவம், போய்ச் சேர்ந்துட்டா. நாம ஒரு பேருகூட வைக்கலை."