கரை நிரம்பும் அளவு

வானம் கைவிட்ட பிறகு, செத்த ஆற்றுக்கு ஆண்டுக்கொருமுறை அணையிலிருந்து வெள்ளம் விட முடிவெடுத்தார்கள். எவ்வளவு விட்டால் ஆறு தன் தடத்தைத் தானே செதுக்கிக்கொள்ளும் என்று கணக்கிட்டவள் பொறியாளர் செண்பகவல்லி. கரையில் படிபோல ஓடிய விளிம்பைக் காட்டி, பழைய வெள்ளம் இதுவரை நிரம்பித்தான் ஓடியது என்று அடித்துச் சொன்னாள். அந்த அகலத்துக்கே ஆற்றைத் தோண்டினார்கள்.

அதை நிரப்ப அவள் போட்ட கணக்குப்படி, ஆடிப்பெருக்கன்று முதல்முறையாக ஊரின் ஓராண்டுக் குடிநீர் மொத்தமும் திறந்துவிடப்பட்டது. அத்தனை அகலத்தில் பரந்த வெள்ளம் கணுக்கால் அளவுக்குத்தான் ஊர்ந்து வந்தது. அந்த விளிம்பின் அடியில் புழுதி கரைந்ததும், சீரான இடைவெளியில் கீறல்கள் தெரிந்தன. பொக்லைன் வாளியின் பழைய பல் தடம்; இப்போது தோண்டியவர்கள் தொடாத இடம் அது. ஆறு செதுக்கியது என்று அவள் நம்பிய விளிம்பு, என்றோ மணல் திருடியவர்கள் வெட்டியது.

அவளுடைய நாத்தனார் பேச்சியம்மாள் முளைப்பாரியோடு ஆற்றில் இறங்கினாள்.

"மதினி, இது முங்கக்கூடத் தண்ணி காணாதே. இன்னும் தொறப்பாங்கள்லா?"

அணையில் இனிச் சேறுதான் மிச்சம் என்று செண்பகவல்லிக்குத் தெரியும்.

"தொறப்பாங்க" என்றாள்.

பேச்சியம்மாள் முளைப்பாரியை மடியில் வைத்துக்கொண்டு ஆற்றின் நடுவிலேயே உட்கார்ந்தாள். அங்கே தண்ணீர் ஏற்கெனவே மணலுக்குள் இறங்கிவிட்டிருந்தது.