இதய டாக்டருக்கு ஒரு கேள்வி

"ஓடி முடிச்சதும் வாயில நுரை தள்ளுது டாக்டரம்மா. என்ன செய்வீக?"

கேட்டுவிட்டு கூத்தையா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எதிரே இருந்த சத்யப்பிரியா மதுரையில் இருபது வருடமாக இதயம் பார்ப்பவர். நேர்முகத் தேர்வின் முதல் கேள்வியே இப்படி வருமென்று அவர் எதிர்பார்க்கவில்லை.

சாயல்குடி ரோட்டில் இருக்கும் அந்த அறக்கட்டளை ஆஸ்பத்திரிக்கு ஒரு விதி உண்டு. பெரிய டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்குப் பொதுமக்களில் ஒருவர்தான் தலைவர். டாக்டர்களிடம் விட்டால் தங்களுக்கு வேண்டியவரைக் கொண்டுவந்துவிடுவார்களாம். பொதுமக்களில் ஒருவரைத் தேடிப் பார்த்ததில், நூறு ஏக்கரும் மூன்று டிராக்டரும் உள்ள கூத்தையாவைவிடப் பொதுவான ஆள் அந்த வட்டாரத்தில் அகப்படவில்லை.

பக்கத்தில் யுவராணி. ஆஸ்பத்திரியின் ஒரே டாக்டர், படித்து முடித்து வந்த ஈரம் காயாதவள். குழுவில் அவளுக்கும் ஓர் இடம் உண்டு, கடைசி வார்த்தை மட்டும் கிடையாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை மதுரைக்கு ஏற்றிவிடுவது அவள் வேலை. பல ஆம்புலன்ஸ்கள் பரமக்குடி தாண்டுவதற்குள் திரும்பிவிடும், அவசரம் தீர்ந்துபோயிருக்கும். இன்றைக்காவது ஓர் இதய டாக்டர் கிடைத்துவிட வேண்டும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை.

"நோயாளி யாருங்க?" என்றார் சத்யப்பிரியா.

"நம்ம பயதான். எட்டு மைலு அசராம ஓடுவான். போன வருசம் கமுதியில மொதப் பரிசு. இப்ப பாதி தூரத்துலயே மூச்சு எரைக்குது, காலு துவளுது."

"வயசு?"

"எளவட்டந்தான்."

"வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கா?"

"அவங்க அப்பனும் ஓடுறப்பத்தான் விழுந்தான். பெறகு எந்திரிக்கவே இல்ல." கூத்தையாவின் குரல் கம்மியது. துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

யுவராணி அவரையே பார்த்தாள். தகப்பனில்லாத பிள்ளை, தங்கச்சி மகனாக இருக்கும். இந்த மீசைக்கும் மைனர் செயினுக்கும் அடியில் இப்படி ஒரு மனசா? காலையில் காபி ஆறிப்போனதற்கு ஆயாவை அவர் கிழித்துத் தோரணம் கட்டியதைக்கூட அவள் அந்த நிமிடமே மன்னித்துவிட்டாள்.

"மொதல்ல ஓட்டத்த நிறுத்துங்க" என்றார் சத்யப்பிரியா. "இருதயம் வீங்கியிருக்கலாம். எக்கோ எடுத்துப் பாக்கணும். ஆளப் பாக்காம நான் மருந்து சொல்ல மாட்டேன்."

"எப்பிடிம்மா நிறுத்துறது? ஜோடி ஓட்டம். இவன் நின்னா அவனும் நின்னுபோவான். அடுத்த வாரம் ஓட்டத்த வச்சுக்கிட்டு..."

"உசுரு முக்கியமா, பரிசு முக்கியமாங்கய்யா?"

கூத்தையா யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார்.

"நீங்க போகலாம்" என்றார்.

கதவு சாத்தியதும் யுவராணி பக்கம் திரும்பினார். "இருவது வருச அனுபவமாம். வாயில ஒரு மாத்திரை பேரு வந்துச்சா பாத்தியா?"

"அய்யா, அவங்க சொன்னதுதான் சரி. இந்த ஊருக்கு இப்படி ஒருத்தங்க வர்றதே..."

"ஏம்மா, தலைவரு நீயா நானா?"

அடுத்து வந்தவர் வினோத்குமார். வாசலிலேயே பாதி வளைந்துவிட்டார். மீதியை மேசைக்கு எதிரே வந்து முடித்தார். அதே கேள்வி. அது முடிவதற்குள்ளாகவே, "அருமையான கேள்விங்கய்யா!" என்றார்.

"ஓடலாமா?"

"தாராளமா ஓடலாம். காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. மாத்திரை எழுதித் தாரேன். குதிரை மாதிரி ஓடுவாரு."

"குதிரையா?" கூத்தையா முகம் சுளித்தார்.

"சும்மா ஒரு பேச்சுக்குங்கய்யா."

"ஆளப் பாக்க வேணாமா, எக்கோவெல்லாம் எடுக்கச் சொல்றாக?"

"நீங்க சொல்லி நான் கேட்டதே எக்கோ எடுத்த மாதிரிதாங்கய்யா."

யுவராணியால் பொறுக்க முடியவில்லை. "சார், நுரையீரல்ல நீர் கோத்திருந்தா? ஓடுற எடத்துலயே விழுந்துருவாரு சார்!"

வினோத்குமார் அவளைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம அய்யாவுக்குத் தெரியாததாம்மா?"

கூத்தையா எழுந்து கை கொடுத்தார். "வேலை ஒங்களுக்குத்தான். இன்னைக்கே சேந்துருங்க." சன்னலுக்கு வெளியே சத்யப்பிரியாவின் கார் புழுதி கிளப்பிக்கொண்டு மதுரை ரோட்டில் ஏறியது. யுவராணி அது மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குக் கிடைக்க இருந்த டாக்டர் கைவிட்டுப் போய்விட்டார். அந்தப் பையனையாவது காப்பாற்றிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"அய்யா, ஒங்க கால்ல வேணும்னாலும் விழுறேன். அந்தத் தம்பிய ஒரே ஒரு தடவை இங்கன கூட்டிட்டு வாங்க. நான் பாக்குறேன்."

"இங்கனயா? படியேற மாட்டானே!" கூத்தையா சிரித்தார். பிறகு வினோத்குமார் பவ்யமாக நீட்டிய மருந்துச் சீட்டை வாங்கி, தூரப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் மிச்சமிருந்தது.

"டாக்டரு, இத அப்பிடியே குடுக்கணுமா, இல்ல புண்ணாக்குல பெசஞ்சு வைக்கலாமா?"