ஒத்துக்கொள்ளாத ஜீப்காரர்

சகாயத்தின் காலை ஒடித்த ஜீப்காரர், நீலகிரி மலையே சரிந்து விழுந்தாலும் தன் தப்பை ஒத்துக்கொள்ளமாட்டார் போலிருந்தது.

"ஆறு வாரமா டீ ஃபேக்டரிக்குப் போகலைங்க, சம்பளமும் இல்லைங்க. 'தப்பு என்னுது'ன்னு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்க. இன்சூரன்ஸ்ல நஷ்டஈடு சட்டுன்னு கொடுத்துருவாங்க. உங்க கைக்காசு ஒண்ணும் போகாதுங்க."

"காசா முக்கியம்? நான் வளைவுல ஹாரன் அடிச்சேன். நீதான் ஒதுங்கலை."

"அடிச்சீங்க, ஊட்டி வரைக்கும் கேட்டுச்சுங்க. ஆனா என்னை இடிச்சதுக்கு அப்புறம்தாங்க அடிச்சீங்க!"

"என் மேல தப்பே இல்லை. போய் உட்காரு, நேரமாச்சு."

சகாயம் மாவுக்கட்டுக் காலை இழுத்துக்கொண்டு போய், பெஞ்சில் மனைவி எல்சாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். மணி அடித்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வெள்ளை அங்கியோடு பீடத்துக்கு வந்து நின்றார் ஜீப்காரர், அதாவது அந்த சர்ச்சின் பங்குச் சாமியார். எஸ்டேட்டே அதிரும்படி மார்பில் தட்டிக்கொண்டு, "என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே" என்று பூசையில் வழக்கமாகச் சொல்லும் பாவ அறிக்கையைச் சொன்னார்.

சகாயத்துக்குக் கால்வலி பறந்துபோனது.

"எல்சா, போன்ல வீடியோ எடு, சீக்கிரம்! ஒரு தடவை ஒத்துக்கச் சொன்னா, மனுசன் மூணு தடவை ஒத்துக்கறாரு!"