ஒரு சொல்கூடச் சேர்க்காதவர்

"சொன்னதுக்கு மேல ஒரு சொல் சேர்க்க மாட்டேன், ஒரு சொல்லை விடவும் மாட்டேன்" என்பது மொழிபெயர்ப்பாளரின் கொள்கை. தொழிற்சாலையில் ஆறு வருடமாக அதற்குப் பங்கம் வந்ததில்லை.

இயந்திரம் நிறுவ வந்த வெளிநாட்டு இன்ஜினியர், ஊர் திரும்பும் நாளன்று மொழிபெயர்ப்பாளரைக் கையோடு இழுத்துக்கொண்டு வரைபடப் பிரிவுக்குப் போனார். அங்கே பிரிவுத் தலைவியிடம் தன் மொழியில் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றார்?" என்றாள் அவள்.

மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமினார். "வேலை மும்முரத்துல பென்சிலைக் கொண்டையில செருகிட்டு, மேஜை பூரா தேடுவீங்களாம். அதைப் பார்க்கவே தினமும் இந்தப் பக்கமா சுத்தி வருவாராம். உங்களைக் கட்டிக்க ஆசைப்படறாராம்."

அவள் இன்ஜினியரிடம் திரும்பி, அவர் மொழியிலேயே சரளமாக மறுத்தாள். அவர் சிரித்துக் கைகுலுக்கிவிட்டுப் போனார்.

மொழிபெயர்ப்பாளரும் நழுவப் பார்த்தார். அவள் விடவில்லை.

"உங்ககூடப் பேச ஒரு சாக்கு வேணுமேன்னு ஒரு வருஷமா அந்த பாஷையைப் படிக்கிறேன் சார். 'என்னைக் கட்டிக்கிறீங்களா'ன்னு மட்டும்தான் அவர் கேட்டார்."

கொண்டையிலிருந்து பென்சிலை உருவி மேஜைமேல் வைத்தாள்.

"மிச்சத்தைச் சொன்னவர் இன்னும் எதுவும் கேட்கலையே?"