பெருவாயனும் சில்லானும்

பனி விரிந்து கிடந்த துருவத்தில், தலை நீட்டி நின்ற ஒரு கரும்பாறைக்குள் இரண்டு மீன்கள் கல்லாகிக் கிடந்தன. பெரியது பெருவாயன். அதன் பிளந்த வாய்க்கு ஒரு விரற்கடை முன்னால் குட்டிமீன் சில்லான். விழுங்கப் போன நேரம் பார்த்து ஆற்றுச் சேறு சரிந்து இரண்டையும் மூடிவிட்டது. அங்கே பனிக்குப் பதில் ஆறு ஓடிய, கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முந்தைய கதை அது.

"இன்னைக்கு உன்னை முழுங்காம விடமாட்டேன்" என்று பெருவாயன் தினமும் அதட்டும்.

"ஆகட்டும் அண்ணே, நான் எங்கேயும் போகலையே" என்று சில்லான் சொல்லும்.

ஒருநாள் கல்லான உயிர்களைத் தேடி ஆட்கள் வந்தார்கள். "சின்னது முழுசா இருக்கு. பெரிசுக்கு வாலே இல்லை, கனமும் அதிகம். அதை விட்டுடலாம்" என்று ஒருவர் இரண்டுக்கும் நடுவே சாக்பீஸால் கோடு போட்டார்.

"ஐயோ, அவன் என் இரை! பிரிச்சிடாதீங்க!" என்று பெருவாயன் கத்தியது. கல்லின் குரல் யார் காதில் விழும்? ரம்பம் உறுமியது.

"கொஞ்சம் நில்லுங்க" என்றார் கூட வந்த அம்மா. "துரத்தினதும் ஓடினதும் சேர்ந்து இருந்தாத்தானே அழகு? தூக்குங்க, நானும் ஒரு கை பிடிக்கிறேன்."

ஒரே பெட்டியில் பஞ்சு சுற்றி வைத்து மூடினார்கள். பெட்டி ஆடி ஆடி நகர்ந்தது. பெருவாயன் வெகுநேரம் முறைப்பாகவே இருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மெல்லச் சொன்னது.

"பயமா இருந்தா என் வாய்க்குள்ள வந்து ஒண்டிக்கோ தம்பி. கடிக்க மாட்டேன்."