மூன்றாவது ரவுண்டு

1978-ன் ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சாம்பியன் கஸ்பாரும் இந்த வருடச் சாம்பியன் தேவநேசனும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று ராயபுரத்தில் பேசாத டீக்கடை இல்லை. தேவநேசன் தன் இறுதிப்போட்டி வீடியோவைக் கிழவர் கஸ்பாரிடமே கொண்டுபோய்க் காட்டினான். செல்போனில் ஒவ்வொரு குத்தும் கிளம்பும் முன்பே, நாற்காலியிலிருந்த கஸ்பாரின் தலை விலகிக்கொண்டது. பதினோரு குத்தில் ஒன்றுகூட அவர்மேல் பட்டிருக்காது. மூன்றாவது ரவுண்டில், எதிராளியைச் சாய்த்த அந்த இடதுகைக் குத்துக்காகத் திரையில் தோள் திரும்பியது. கிழவரின் தலை அசையவில்லை. குத்து விழுமுன் தேவநேசன் சட்டென்று வீடியோவை நிறுத்தினான்.

"இன்னாபா நிறுத்திட்ட?"

"சார்ஜ் தீந்துபோச்சு மாஸ்டர்."

"போன்ல லைட்டு எரியுதே கண்ணு."

கஸ்பார் வலது கையை மெல்லத் தூக்கித் தாடையருகே வைத்துக்கொண்டார்.

"ம், இப்ப வுடு."